முதலாளியிடமிருந்து துணைவரிடம்: பிரிட்டனின் விசா மாற்றமும் சார்புநிலையும்

பிரிட்டனில் திறன்பணியாளர் விசாவிலோ மருத்துவ-பராமரிப்புப் பணியாளர் விசாவிலோ இருக்கும் ஒருவர், அந்நாட்டுக் குடிமகனையோ நிரந்தர வதிவுரிமை பெற்றவரையோ மணந்தால், ஊருக்குத் திரும்பாமல் அங்கிருந்தபடியே துணைவர் விசாவுக்கு மாறலாம். விசா ஆலோசகர்களுக்கு இது அன்றாட வேலை: ஒரு படிவம், ஒரு கட்டு ஆவணங்கள், ஒரு கட்டணம். ஆனால் அந்த மாற்றத்தால் உண்மையில் என்ன மாறுகிறது என்பது அதிகம் கேட்கப்படாத கேள்வி. வேலை விசாவில் இருப்பவர் நாட்டில் தங்குவது முதலாளியின் ஸ்பான்சர்ஷிப்பை நம்பி நிற்கிறது. துணைவர் விசா வந்தவுடன் அந்தச் சார்பு அறுபடுகிறதா, வேறொருவர் கைக்குப் போகிறதா? இக்கட்டுரை இந்த ஒரு கேள்வியை விதிகள், வழக்குகள், வரலாறு ஆகியவற்றின் துணையோடு ஆராய்கிறது.

நிலவும் இரு பார்வைகள்

இந்த விசா மாற்றத்தைப் பற்றி இரண்டு புரிதல்கள் நிலவுகின்றன. முதலாவது அரசின் பார்வை. திருமணம் குடியேற்றக் கட்டுப்பாட்டில் உள்ள ஓட்டை, அதன் வழியே தகுதியற்றவர்கள் நுழைந்துவிடக்கூடும் என்ற ஐயம் பிரிட்டிஷ் உள்துறை அமைச்சகத்தின் விதிகளில் அரை நூற்றாண்டாக ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது புலம்பெயர்ந்தோர் சமூகங்களின் பார்வை. லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களிடம் கேட்டால், 'ஸ்பவுஸ் விசா' என்பது முதலாளியின் பிடியிலிருந்து கிடைக்கும் விடுதலை. ஸ்பான்சரைத் தேடி அலையும் கவலை அதோடு ஒழிந்தது.

இரண்டும் எதிரெதிர் நிலைகள்போலத் தோன்றினாலும் ஒரு புள்ளியில் உடன்படுகின்றன. துணைவர் விசா ஒரு முடிவிடம், அதை அடைந்தவர் கரையேறிவிட்டார் என்று இரண்டுமே நம்புகின்றன. விதிகளை வரிவரியாகப் படித்தால் அந்த நம்பிக்கை நிற்கவில்லை. விடுதலை பகுதியளவில் உண்மைதான். அதை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. புதிய விசாவில் எந்த முதலாளியிடமும் வேலை செய்யலாம், சொந்தத் தொழில் தொடங்கலாம், வேலையே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அந்த விடுதலைக்கு என்ன விலை, அது யாருக்குக் கிடைப்பதேயில்லை என்பவற்றைப் பார்த்த பிறகுதான் அதை மதிப்பிட முடியும்.

கதவு யாருக்குத் திறக்கிறது

2012 ஜூலை 9 அன்று நடைமுறைக்கு வந்த குடும்ப விதிகள், நாட்டுக்குள் இருந்தபடியே துணைவர் விசாவுக்கு மாற முடியாதவர்கள் யாரென்று வரையறுக்கின்றன. சுற்றுலாவாகவோ பார்வையாளராகவோ வந்தவர் மாற முடியாது. திருமணத்துக்கென்றே வந்த வருங்கால மணமகன், மணமகள் போன்ற சில விலக்குகள் தவிர, 6 மாதமோ அதற்குக் குறைவாகவோ அனுமதி பெற்றவரும் மாற முடியாது.

இந்த இரண்டாவது தடை மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகவே படும். குறுகிய காலத்துக்கு வந்தவர் திரும்பிப் போகட்டும் என்பது அதன் தருக்கம். ஆனால் 6 மாத விசாக்களில் வருபவர்கள் யார்? பண்ணைகளில் பழம் பறிக்க வரும் பருவகாலத் தொழிலாளர்கள். அரபு நாடுகளிலிருந்து வரும் செல்வந்தர்களோடு வீட்டுவேலைக்கு அழைத்துவரப்படும் பெண்கள். இவர்களின் கதையை விதியிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. 2012 ஏப்ரல் வரை வீட்டுப் பணியாளர் விசாவைப் புதுப்பிக்கலாம், முதலாளியை மாற்றலாம், ஐந்தாண்டுகளுக்குப் பின் நிரந்தர வதிவுரிமையும் கேட்கலாம். அந்த ஏப்ரலில் விசா 6 மாதமாகச் சுருக்கப்பட்டது, முதலாளியை மாற்றும் உரிமையும் பறிக்கப்பட்டது. ஜேம்ஸ் யூவின்ஸ் என்ற வழக்கறிஞர் அரசுக்காக மேற்கொண்டு 2015 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு, இந்தக் கட்டு அவர்களைக் கொடுமைக்கு ஆளாக்குகிறது என்று கண்டு, அதைத் தளர்த்தப் பரிந்துரைத்தது. 2016இல் முதலாளியை மாற்றும் உரிமை மட்டும் திரும்பியது. 6 மாத வரம்பு அப்படியே நின்றது. ஆகவே, விசா மாற்ற விதியில் ஒரு சொல்லைக்கூடத் தொடாமலேயே, வீட்டுப் பணியாளர்கள் துணைவர் விசாவுக்கு உள்ளிருந்து மாறும் வழியிலிருந்து மொத்தமாக வெளியே தள்ளப்பட்டார்கள்.

மணவாழ்க்கை எல்லோருக்கும் பொதுவான உரிமை என்றுதான் ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின் 8ஆம், 12ஆம் உறுப்புகள் பேசுகின்றன. நடைமுறையில் அந்த உரிமையை எவ்வளவு எளிதாகப் பயன்படுத்தலாம் என்பதை, ஒருவர் எந்தக் கூலிப் படிநிலையில் நாட்டுக்குள் வந்தார் என்பதே தீர்மானிக்கிறது.

வருமானக் கணக்கும் அதன் முரணும்

கதவு திறந்திருப்பவர்களுக்கு அடுத்த தடை வருமானம். 2012இல் குறைந்தபட்ச ஆண்டு வருமானம் 18,600 பவுண்டு என நிர்ணயிக்கப்பட்டது. குழந்தைகள் இருந்தால் கூடுதல். 2024 ஏப்ரல் 11 அன்று அது ஒரே தாவலில் 29,000 ஆனது. 38,700 வரை உயர்த்தும் திட்டமும் அறிவிக்கப்பட்டிருந்தது. ஆட்சி மாறியபின் அத்திட்டம் நிறுத்திவைக்கப்பட்டு, குடியேற்ற ஆலோசனைக் குழுவிடம் ஆய்வுக்கு விடப்பட்டது. 38,700 என்ற அளவுக்கு அடிப்படை இல்லை என்று அந்தக் குழு 2025 ஜூனில் கருத்துச் சொன்னது. இந்த வரம்பை எதிர்த்து நடந்த முக்கிய வழக்கு எம்.எம். (லெபனான்). பல குடும்பங்களுக்கு வரம்பு கடும் துயரம் தருகிறது என்பதை 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் கொள்கையளவில் அது சட்டத்துக்குப் புறம்பானதன்று என்றது. குழந்தைகளின் நலனையும் மாற்று வருமான வழிகளையும் விதிகள் போதிய அளவு கருதவில்லை என்பது மட்டுமே நீதிமன்றம் கண்ட குறை.

வேலை விசாவிலிருந்து மாறுவோருக்கு இந்தக் கணக்கில் ஒரு சலுகை உண்டு. விண்ணப்பதாரர் பிரிட்டனுக்குள் வேலை அனுமதியோடு இருந்தால் அவருடைய சம்பளமும் சேர்த்துக்கொள்ளப்படும். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தால் அவர் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்கில் வராது. இதை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்பது நல்லது. நாகர்கோவிலிலிருந்து பராமரிப்புப் பணியாளராகச் சென்ற ஒரு பெண் 2025இல் குறைந்தபட்சம் 25,000 பவுண்டு சம்பளம் வாங்குவார். அவர் மணக்கும் பிரிட்டிஷ் குடிமகன் ஒரு கடையில் முழுநேரமாகக் குறைந்தபட்சக் கூலிக்கு, மணிக்கு 12.21 பவுண்டுக்கு, வேலை செய்கிறார் என்போம். வாரம் முப்பத்தேழரை மணி நேரம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 23,800 பவுண்டு. இருவர் சம்பளமும் சேர்ந்து வரம்பை மிக எளிதாகத் தாண்டுகிறது. அதே பெண் விடுப்பில் ஊருக்கு வந்து, ஏதோ காரணத்தால் வேலையை இழந்து, சென்னையிலிருந்து விண்ணப்பிக்க நேர்ந்தால், கணவரின் 23,800 மட்டுமே மிஞ்சும். விண்ணப்பம் தோற்கும். சேமிப்பை மட்டும் காட்டி ஈடுசெய்வதானால் 88,500 பவுண்டு ரொக்கம் வேண்டும்.

அதே இருவர், அதே உறவு, அதே உழைப்புத் திறன். விண்ணப்பிக்கும்போது கால் எந்த மண்ணில் நிற்கிறது என்பதில்தான் வேறுபாடு. வெறும் நடைமுறைக்காக ஒருவரைச் சொந்த நாட்டுக்கு அனுப்பி அங்கிருந்து விண்ணப்பிக்கச் சொல்வது பல குடும்ப வழக்குகளில் நியாயமாகாது என்று 2008இல் சிக்வாம்பா வழக்கில், அப்போது நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் சாரம் விதிகளுக்குள் முழுமையாக இறங்கவில்லை என்பதையே மேலே சொன்ன கணக்கு காட்டுகிறது.

இரண்டு விசாக்களுக்கு இடையில்

விண்ணப்பம் போட்டதும் முதலாளியிடமிருந்து விடுபட்டுவிட்டோம் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஆபத்தான நினைப்பு. 1971ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் 3சி பிரிவு, விசா முடியும் முன் விண்ணப்பித்தவரின் அனுமதியை முடிவு வரும்வரை நீட்டிக்கிறது. பாதுகாப்புத் தரும் பிரிவுதான். ஆனால் நீட்டிக்கப்படுவது பழைய அனுமதி, பழைய நிபந்தனைகளோடு. அதாவது முடிவு வரும்வரை அதே ஸ்பான்சரிடம், அதே வேலையில் இருந்தாக வேண்டும். வேலையை விட்டால் வருமானக் கணக்கும் குலையும், அனுமதியும் ஆட்டம் காணும்.

வேலை போனால் என்ன ஆகும்? முதலாளி உள்துறை அமைச்சகத்துக்குத் தெரிவித்ததும், பெரும்பாலும் 60 நாள் அவகாசம் கொடுத்து விசா குறைக்கப்படும். இது பராமரிப்புத் துறையில் வெறும் ஏட்டுச் சாத்தியமாக நின்றுவிடவில்லை. 2022 பிப்ரவரியில் பராமரிப்புப் பணியாளர்களுக்கு விசா திறந்துவிடப்பட்டபோது தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் பலர் இடைத்தரகர்களுக்குப் பெரும்பணம் கொடுத்துச் சென்றார்கள். சென்ற இடத்தில் சிலருக்கு வேலையே இல்லை. 2022 ஜூலை முதல் 2024 இறுதிவரை 470க்கும் மேற்பட்ட பராமரிப்பு நிறுவனங்களின் ஸ்பான்சர் உரிமங்கள் ரத்துசெய்யப்பட்டன என்றும், 39,000க்கும் மேற்பட்ட பணியாளர்கள் அவற்றோடு தொடர்புடையவர்கள் என்றும் அரசே அறிவித்தது. குற்றம் செய்தது நிறுவனம். 60 நாள் கெடுவை எதிர்கொண்டவர் தொழிலாளி. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து பராமரிப்புப் பணியாளர்களை எடுப்பதும் நிறுத்தப்பட்டுவிட்டது. இந்தச் சூழலில் ஏற்கெனவே உறவில் இருக்கும் ஒருவர் திருமணத்தை முன்தள்ளி விசாவை மாற்றிக்கொண்டால், அதை மோசடி என்று பார்க்க நியாயமில்லை. நெருக்கடி அவசரத்தை உண்டாக்குகிறது. அதனால் உறவு பொய்யாகிவிடாது.

அவசரத்தில் இன்னொரு சிக்கலும் தலைகாட்டுகிறது. இங்கிலாந்தில் ஒரு கோயிலில் தாலி கட்டினால் மட்டும் திருமணம் சட்டப்படி செல்லாது. அந்தக் கோயில் திருமணப் பதிவுக்கு அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும், அல்லது பதிவு அலுவலகத்தில் தனியாகப் பதிய வேண்டும். பதிவுக்கு முன்னறிவிப்புக் காலம் 28 நாள். அமைச்சகம் விசாரிக்க விரும்பினால் 70 நாள். 60 நாள் கெடுவை இந்த 70 நாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பவருக்குச் சிக்கல் விளங்கும்.

செலவும் சிறிதன்று. 2025 ஏப்ரல் நிலவரப்படி உள்ளிருந்து விண்ணப்பிக்கக் கட்டணம் 1,321 பவுண்டு. அதோடு ஆண்டுக்கு 1,035 வீதம் இரண்டரை ஆண்டுகளுக்கு மருத்துவக் கூடுதல் கட்டணம் 2,587.50. மருத்துவ-பராமரிப்பு விசாவில் இருந்தவரை இந்தக் கூடுதல் கட்டணத்திலிருந்து அவருக்கு விலக்கு இருந்தது. துணைவர் விசாவுக்கு மாறிய பிறகு, அதே மருத்துவமனையில் அதே வேலையைத் தொடர்ந்தாலும், முன்கூட்டியே முழுத்தொகையையும் கட்ட வேண்டும். பின்னர் விண்ணப்பித்துத் தவணை தவணையாகத் திரும்பப் பெறலாம்.

அழிக்கப்படும் ஆண்டுகள்

எனக்கு மிகுந்த கவலை தருவது இந்தப் பகுதிதான். திறன்பணியாளர் விசாவில் தொடர்ந்து 5 ஆண்டு இருந்தால் நிரந்தர வதிவுரிமை கேட்கலாம். துணைவர் விசாவிலும் 5 ஆண்டு: முதலில் 30 மாதம், பின் இன்னொரு 30 மாதம். ஆனால் இரண்டையும் கூட்ட முடியாது. நான்கு ஆண்டு வேலை விசாவில் இருந்து, வரி கட்டி, மாறியவருக்கு எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. வருமான வரம்பை எட்டாமல், மனித உரிமை அடிப்படையில் மட்டும் அனுமதிக்கப்படுபவருக்கு அந்தப் பாதை 10 ஆண்டு.

ஒவ்வொரு பாதையும் தனி நோக்கம் கொண்டது, ஒன்றின் காலம் மற்றொன்றுக்குச் சான்றாகாது என்பது இதற்கு ஆதரவாகச் சொல்லத்தக்க வாதம். வேலை விசா பொருளாதாரப் பங்களிப்பைச் சோதிக்கிறது, துணைவர் விசா உறவின் உறுதியைச் சோதிக்கிறது என்பார்கள். உறவைச் சோதிக்க ஐந்தாண்டு வேண்டுமா என்பது ஒருபுறமிருக்க, இந்த வாதத்தை பிரிட்டனின் சட்டமே இரண்டு இடங்களில் மறுக்கிறது. முதலாவது, நீண்டகால வதிவு விதி. எந்தெந்த விசாக்களாக இருந்தாலும், சில விலக்குகள் நீங்கலாக, சட்டப்படி தொடர்ந்து 10 ஆண்டு இருந்தவர் நிரந்தர உரிமை கேட்கலாம். அங்கே வேலைக்காலமும் மணக்காலமும் கூடுகின்றன. இரண்டாவது, 1981ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். பிரிட்டிஷ் குடிமகனின் துணைவர் குடியுரிமை பெற 3 ஆண்டு வதிவு போதும். அந்த மூன்றாண்டு எந்த விசாவில் கழிந்தாலும் சரி. ஆனால் விண்ணப்பிக்கும் நாளில் நிரந்தர வதிவுரிமை கையில் இருக்க வேண்டும். ஆக, வேலை விசாவில் கழித்த ஆண்டுகளைக் குடியுரிமைச் சட்டம் வதிவாக ஏற்கிறது. அங்கே போய்ச் சேருவதற்கான வாசலில் நிற்கும் குடியேற்ற விதி அவற்றை ஏற்க மறுக்கிறது.

இந்த மறுப்புக்குப் பின்னால் ஒரு கருத்து இருக்கிறது. 2014இல் திருத்தப்பட்ட குடியேற்றச் சட்டம், 'நிலையற்ற' வதிவின்போது ஒருவர் அமைத்துக்கொண்ட தனிவாழ்வுக்குக் குறைந்த மதிப்பே தர வேண்டும் என்று நீதிமன்றங்களுக்கு வழிகாட்டுகிறது. 2018இல் ருப்பியா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு விளக்கம் சொன்னது: நிரந்தர வதிவுரிமை இல்லாத எவருடைய நிலையும் நிலையற்றதே. சட்டத்தை மீறாமல், விசாவைத் தவறாமல் புதுப்பித்துப் பத்தாண்டுகளை நெருங்குபவரும் அதில் அடக்கம். தற்காலிகமாக வந்தவரின் ஆண்டுகள் எடையற்றவை என்ற இந்த எண்ணம்தான் மாற்ற விதியிலும் வேலை செய்கிறது.

வீட்டுக்குள் நுழையும் சார்பு

துணைவர் விசாவில் உறவு முறிந்தால் அதை அமைச்சகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விசா குறைக்கப்படும். பெரும்பாலும் 60 நாள் அவகாசம்.

முதலாளி கைவிட்டாலும் 60 நாள், துணைவர் கைவிட்டாலும் 60 நாள். சார்பு கைமாறியிருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை. முதலாளியைப் பற்றி வெளியே புகார் சொல்லலாம். சக ஊழியர்களும் தொழிற்சங்கமும் உண்டு. கணவரைப் பற்றி, அதுவும் கணவரின் குடும்பமே அந்நாட்டில் தனக்குள்ள ஒரே உறவாக இருக்கும்போது, யாரிடம் சொல்வது? அரசு உதவித்தொகை எதையும் பெற முடியாது என்ற நிபந்தனை விசாவில் இருப்பதால், வீட்டைவிட்டு வெளியேறினால் தங்க இடமும் கிடைப்பதில்லை. 1979இல் லண்டனில் தொடங்கப்பட்ட சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் அமைப்பு இந்தப் பொறியைப் பல ஆண்டுகள் எடுத்துக்காட்டிப் போராடியது. அதன் விளைவாக, குடும்ப வன்முறையால் உறவு முறிந்தவர் நேரடியாக நிரந்தர வதிவுரிமை கேட்கும் வழி 1999இல் சலுகையாகவும் 2002இல் விதியாகவும் வந்தது. 2012இல் அதோடு 3 மாத இடைக்கால அனுமதியும் உதவித்தொகை பெறும் உரிமையும் சேர்ந்தன.

இது சாதாரண வெற்றியன்று. ஸ்பான்சர் கொடுமைக்காரராக இருந்தால், அவரைச் சார்ந்தவரின் வதிவுரிமை அவரோடு அழியக் கூடாது என்ற கொள்கையை அரசு இங்கே ஏற்றிருக்கிறது. அந்தக் கொள்கை இன்றுவரை தொழிலாளிக்கு நீளவில்லை. முதலாளியால் சுரண்டப்பட்ட பராமரிப்புப் பணியாளருக்கு, சுரண்டப்பட்டார் என்ற காரணத்துக்காக நிரந்தர உரிமை தரும் வழி எதுவும் இல்லை. ஆகவே, துணைவர் விசா வேலை விசாவைவிட மேலானதா என்ற கேள்விக்கு என் விடை: ஆம், ஆனால் அது பெண்கள் அமைப்புகள் போராடி வாங்கித் தந்த மேன்மை. விசாவின் வடிவமைப்பில் அது இருக்கவில்லை. 2003இல் ஓராண்டாக இருந்த சோதனைக்காலத்தை இரண்டாகவும், 2012இல் இரண்டை ஐந்தாகவும் அரசு நீட்டிக்கொண்டே போனது. அதாவது, பாதுகாப்பு ஒருபுறம் கூடியபோது, பாதுகாப்புத் தேவைப்படும் காலமும் மறுபுறம் கூடியது.

ஐயத்தின் வரலாறும் வரவிருக்கும் மாற்றமும்

1979 பிப்ரவரியில் கார்டியன் நாளிதழ் ஒரு செய்தியை வெளியிட்டது. மணமுடிக்க லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிய இந்தியப் பெண்ணைக் குடியேற்ற அதிகாரிகள் 'கன்னித்தன்மைச் சோதனை'க்கு உட்படுத்தியிருந்தார்கள். அப்போது மனைவியாக வருபவருக்கு முன்அனுமதி தேவை, மணமகளாக வருபவருக்குத் தேவையில்லை. உண்மையிலேயே மணமாகாதவர்தானா என்று 'உறுதிசெய்ய' ஒரு பெண்ணின் உடலையே ஆவணமாகப் படித்தார்கள். மரினெல்லா மார்மோ, ஈவன் ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் பிற்காலத்தில் ஆவணக்காப்பகக் கோப்புகளைத் தேடியபோது, இது ஒற்றை நிகழ்வல்ல, துணைக்கண்டத்தில் இருந்த தூதரக அலுவலகங்களிலும் பலமுறை நடந்தது என்று கண்டார்கள்.

அடுத்து வந்தது 'முதன்மை நோக்க விதி'. 1980களில் தெற்காசிய ஆண்களை மையமாக வைத்துச் செயல்பட்ட அந்த விதிப்படி, திருமணத்தின் முதன்மை நோக்கம் பிரிட்டனில் குடியேறுவதன்று என்று விண்ணப்பதாரரே மெய்ப்பிக்க வேண்டும். இல்லாத நோக்கத்தை இல்லை என்று எப்படி மெய்ப்பிப்பது? 1985இல் அப்துல்அஜீஸ் வழக்கில், கணவர்களை அழைக்கும் பெண்களுக்கு மட்டும் கடுமையான விதி இருப்பது பாலினப் பாகுபாடு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு பெண்களுக்கு உரிமையைக் கூட்டவில்லை. ஆண்களுக்கு இருந்ததைக் குறைத்துச் சமன்செய்தது. முதன்மை நோக்க விதி 1997 ஜூனில்தான் ஒழிந்தது. 2005இல் ஐயம் வேறு வடிவில் வந்தது: குடியேற்றக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர் மணந்துகொள்ள உள்துறை அமைச்சரின் ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், இங்கிலாந்துத் திருச்சபையில் மணப்பவருக்கு மட்டும் வேண்டாம். குறுகிய கால விசாவில் இருந்தவர்களுக்கு அந்தச் சான்றிதழ் பொதுவாக மறுக்கப்பட்டது. 2008இல் பிரபுக்கள் அவை இத்திட்டத்தைக் கண்டித்தது. 2011இல் அது கைவிடப்பட்டது.

இந்த வரலாறு இப்போது ஏன் முக்கியமாகிறது? 2025 மே மாதம் வெளியான அரசின் குடியேற்ற வெள்ளை அறிக்கை, வேலை விசாவில் வருவோர் நிரந்தர உரிமைக்குக் காத்திருக்கும் காலத்தைப் பொதுவாக 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக்க முன்மொழிந்தது. பிரிட்டிஷ் குடிமக்களின் துணைவர்களுக்கு மட்டும் 5 ஆண்டு தொடரும் என்றும் சொன்னது. இதுவரை இரு பாதைகளும் சம நீளம் கொண்டவையாக இருந்ததால், நான்காண்டு கடந்த பணியாளர் மாறாமல் இருப்பதே அவருக்கு லாபமாக இருந்தது. வேலைப் பாதை இருமடங்கு நீண்டால் அந்தக் கணக்கு தலைகீழாகும். உண்மையான உறவில் உள்ளவர்கள் முன்னைவிட அதிகமாக மாறுவார்கள். அப்படி மாறுவதற்கான தூண்டுதலை உருவாக்கியது அரசின் விதியே. ஆனால் எண்ணிக்கை கூடும்போது எழப்போகும் கேள்வி, திருமணத்தின் முதன்மை நோக்கம் என்ன என்பதாகவே இருக்கும் என்று கடந்த ஐம்பதாண்டு வரலாறு அஞ்ச வைக்கிறது. வேலை விசாவில் கழித்த ஆண்டுகளையும் துணைவர் விசா ஆண்டுகளையும் கூட்டிக்கொள்ள விதி இடம் கொடுத்துவிட்டால், மணத் தேதியை விசா நாட்காட்டியோடு பொருத்திப் பார்க்க வேண்டிய கட்டாயம் விண்ணப்பதாரருக்கும் பெருமளவு குறையும், அதிகாரிக்கும் குறையும். நீண்டகால வதிவு விதியில் ஏற்கெனவே உள்ள கூட்டல் முறையைத் துணைவர் பாதைக்கு விரிவாக்கப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. குடியேற்ற விதிகளில் ஒரு திருத்தம் போதும்.